முடங்கிய காலுக்கு மின்விசையா, பயிற்சியா?

பக்கவாதத்தால் தாக்குண்டவருக்கு அளிக்கப்படும் சிகிச்சை இரு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதி மருத்துவமனையில் நடைபெறுவது. உயிரைக் காப்பதும், மூளையில் ஏற்பட்ட சேதம் பெருகாமல் தடுப்பதும் அதன் நோக்கங்கள். அது பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பகுதி வீட்டில் நடைபெற வேண்டியது. விழுந்தவர் மீண்டும் எழுந்து நிற்கவும், நடக்கவும், தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளவும் வழிசெய்வது அது. அதற்கு மாதங்கள் பிடிக்கும். முதற் பகுதிக்கான வசதிகள் இந்நாட்டில் ஓரளவு பெருகி வருகின்றன. இரண்டாம் பகுதியோ பெரும்பாலான குடும்பங்களில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

கேட்பாரற்ற இடத்தில் தவறான எண்ணங்கள் எளிதில் குடிபுகும். அவற்றுள் இரண்டு மிகப் பரவலானவை. பக்கவாதம் வந்தவர் உடலை அலட்டிக்கொள்ளலாகாது, படுத்து ஓய்வெடுப்பதே நலம் என்பது ஒன்று. செயலிழந்த காலுக்குக் 'கரண்ட்' வைத்தால் அதற்கு உயிர் வந்துவிடும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் நோயாளியைக் கட்டிலோடு பிணைத்துவிடுகிறது. இரண்டாவது எண்ணம் குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையில், உண்மையாகவே பலன்தரக்கூடிய மாதங்கள் வீணாகக் கழிகின்றன.

மின்தூண்டலுக்கு இச்சிகிச்சையில் ஓர் இடம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது துணைக்கருவியின் இடமே. தசையைப் படிப்படியாக உழைக்கவைக்கும் வலுப்பயிற்சியும், அப்பயிற்சியை வீடுதேடி வந்து நெறிப்படுத்தும் தேர்ந்த கையுமே தலைமையிடத்திற்கு உரியவை. கிராமப்புறச் சுகாதாரப் பணியாளரும் ஆசிரியரும் இதனைத் தெளிவாக உணர்ந்திருத்தல் அவசியம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய குடும்பத்தார், அடுத்து என்ன செய்வதென்று முதலில் கேட்பது பெரும்பாலும் இவர்களிடமேயாகும்.

பழுது எங்கே?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ, வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி அழிவுறுவதே பக்கவாதம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்புறத்தையும், வலப்பாதி இடப்புறத்தையும் இயக்குகின்றன. ஆதலால் பொதுவாக, சேதம் ஒரு பக்கத்திலும் செயலிழப்பு மறுபக்கத்திலும் தோன்றுகின்றன. இங்கு ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ள வேண்டும். காலிலுள்ள தசைக்கோ, முதுகுத்தண்டிலிருந்து அத்தசைக்குச் செல்லும் நரம்புக்கோ நேரடியான கேடு எதுவும் விளையவில்லை. கட்டளை பிறக்கும் இடத்தில்தான் பழுது நேர்ந்துள்ளது. மின்நிலையத்திலிருந்து வரும் கம்பி அறுந்துபோனால் ஊரில் விளக்குகள் எரிவதில்லை. அதனால் ஊரிலுள்ள பல்புகளெல்லாம் கெட்டுவிட்டன என்று எவரும் கூறுவதில்லை. பக்கவாதத்தில் காலின் நிலையும் அத்தகையதே.

இவ்வுவமை ஓர் எல்லைவரைதான் பொருந்தும். எரியாத பல்பு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கலாம். இயங்காத தசை அவ்வாறு இராது. சில வாரங்களிலேயே அது மெலியத் தொடங்குகிறது, மூட்டுகள் இறுகுகின்றன. ஆகவே பக்கவாத நோயாளியின் பலவீனத்தில் இரு கூறுகள் கலந்துள்ளன. மூளையின் கட்டளை குன்றியதால் வந்த பலவீனம் ஒன்று. பின்னர் அசையாதிருந்ததால் வந்து சேர்ந்த பலவீனம் மற்றொன்று. பின்னதைப் பெருமளவு தடுக்க இயலும். முன்னதும் முற்றிலும் மாற்ற முடியாததன்று. மூளையில் எஞ்சியுள்ள பகுதிகள் புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொண்டு, இழந்த பகுதியின் வேலையில் ஒரு பங்கை ஏற்கவல்லவை. அவ்வாறு ஏற்பதற்குத் தூண்டுகோலாக அமைவது, நோயாளி தானே ஓர் அசைவைச் செய்ய மீண்டும் மீண்டும் முயலும் முயற்சியாகும்.

பழமையான ஆசை

மின்விசையால் முடக்கத்தைப் போக்கலாம் என்ற ஆசை புதியதன்று. இடிதாங்கியைக் கண்டறிந்த பெஞ்சமின் பிராங்க்ளின் வட அமெரிக்காவில் மின்சார ஆராய்ச்சிகளை நடத்திவந்தபோது, பென்சில்வேனியாவிலும் அண்டைப் பகுதிகளிலும் இருந்த வாதநோயாளிகள் பலர் அவரை நாடி வந்தனர். லேடன் ஜாடிகளில் மின்னேற்றம் செய்து, செயலிழந்த உறுப்பின் வழியாக அவர் அதிர்ச்சி செலுத்தினார். முதற் சில நாட்களில் உறுப்பில் வெதுவெதுப்பும் சிறிது அசைவும் தோன்றின. ஐந்தாம் நாளுக்குப்பின் மேற்கொண்டு முன்னேற்றம் காணப்படவில்லை. நோயாளிகள் மனந்தளர்ந்து வீடு திரும்பினர். சிறிது காலத்தில் பழைய நிலைக்கே சென்றனர். நிலையான நன்மை எதனையும் தாம் கண்டதில்லை என்று 1757இல் லண்டனிலிருந்த மருத்துவர் ஜான் பிரிங்கிளுக்கு அவர் எழுதினார்.

அக்கடிதத்தில் மற்றொரு குறிப்பும் உள்ளது. தோன்றி மறைந்த அந்தச் சிறு முன்னேற்றங்கூட மின்சாரத்தால் வந்ததா, அல்லது நாள்தோறும் தம் வீட்டிற்கு வந்துபோனதில் கிடைத்த உடற்பயிற்சியாலும், குணமாகும் என்ற நம்பிக்கையில் உறுப்பை அதிக வலுவுடன் அசைக்க முயன்றதாலும் வந்ததா என்று தம்மால் கூற இயலாது என அவர் எழுதியுள்ளார். தம் கருவியைப் பற்றியே இவ்வாறு ஐயுற்றமை விஞ்ஞானிக்குரிய நேர்மையாகும். இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும், மின்தூண்டல் கருவி விற்போரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவேயாம்: பலன் கருவியால் வந்ததா, முயற்சியால் வந்ததா?

மின்தூண்டலால் ஆவதும் ஆகாததும்

தவளையின் கால் தசை மின்விசையால் சுருங்குவதை இத்தாலிய அறிஞர் கால்வானி 1791இல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் துஷேன், தோலின்மேல் குறிப்பிட்ட இடங்களில் மின்முனைகளை வைத்துத் தனித்தனித் தசைகளை இயக்கும் முறையை 1855இல் நூலாக எழுதினார். இன்றைய கருவிகள் அவ்வழி வந்தவையே. பிராங்க்ளின் கையாண்ட அதிர்ச்சிக்கு மாறாக, இவை மிகச் சிறிய மின்துடிப்புகளை வினாடிக்குப் பல முறை சீராகச் செலுத்துகின்றன. துடிப்பின் அளவு மில்லி ஆம்பியரில் கணக்கிடப்படுகிறது. கேடுறாத நரம்பு அத்துடிப்பை ஏற்றுத் தசையைச் சுருங்கச் செய்கிறது.

இதன் மிகத் தெளிவான பயன் பாதத் தொய்வில் காணப்படுகிறது. பக்கவாதத்திற்குப்பின் பலருக்கு நடக்கும்போது முன்பாதம் மேலே எழுவதில்லை. விரல்கள் தரையில் இழுபட்டு, வாசற்படியிலும் சிறு கல்லிலும் தடுக்கி விழுகின்றனர். அமெரிக்காவில் லீபர்சன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1961இல் இதற்கு ஓர் ஏற்பாட்டை விவரித்தனர். காலணியின் குதிகாலில் ஒரு சுவிட்சு அமைக்கப்பட்டது. குதிகால் தரையைவிட்டு எழும்பியதும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பிற்கு மின்துடிப்பு செல்லும், பாதம் உயரும். குதிகால் தரையைத் தொட்டதும் துடிப்பு நின்றுவிடும். இம்முறையைப் பாதத் தொய்விற்கு உரிய நிபந்தனைகளுடன் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2009இல் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் மலிவான மாற்று ஒன்று உண்டு. பாதத்தை நேராகத் தாங்கி நிறுத்தும் பிளாஸ்டிக் கணுக்கால் தாங்கியே அது. அமெரிக்காவில் 197 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆராய்ச்சியில், மின்கருவி அணிந்தவர்களும் தாங்கி அணிந்தவர்களும் நடைவேகத்தில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர். மின்கருவி அணிந்தவர்களுக்கு மனநிறைவு அதிகமாக இருந்தது. நடையில் வேறுபாடு இல்லை. கருவியின் விலையைத் தாங்கமுடியாத குடும்பத்திற்கு இச்செய்தி ஆறுதலளிக்கக் கூடியது. கணுக்கால் தாங்கி பெறுபவர் இரண்டாந்தரச் சிகிச்சை பெறுகிறார் என்று எண்ண வேண்டியதில்லை.

மின்தூண்டலின் குறைபாட்டையும் அறிந்திருத்தல் நலம். இயல்பான அசைவில் மூளை முதலில் களைப்பறியாத சிறு தசைக்கூறுகளை அழைக்கிறது. சுமை கூடும்போதுதான் பெரிய கூறுகளை ஈடுபடுத்துகிறது. மின்துடிப்போ இந்த ஒழுங்கை அறியாது. ஒரே கூறுகளையே மீண்டும் மீண்டும் சுருங்கச் செய்வதால் தசை விரைவில் களைத்துவிடுகிறது. மேலும், நோயாளி படுத்தபடி வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது கருவி காலை அசைத்தால், அந்த அசைவில் மூளைக்குப் பங்கு மிகக் குறைவு. துடிப்பு வரும் அதே நொடியில் அவரும் பாதத்தைத் தூக்க முயல்வாரானால் நிலைமை வேறு.

மின்தூண்டல் முயற்சியோடு இணைய வேண்டும் என்ற கருத்தைக் கைக்குரிய சிகிச்சையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியும் ஆதரிக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 108 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், கழுத்திலுள்ள வேகஸ் நரம்பிற்குச் சிறு மின்துடிப்பு அளிக்கப்பட்டது. நோயாளி கைப்பயிற்சியின் ஒவ்வோர் அசைவைச் செய்யும் வேளையில் அது அளிக்கப்பட்டது. பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் அதிகம் முன்னேறினர். இங்கும் மின்விசை பயிற்சிக்குப் பதிலாக வரவில்லை. பயிற்சியின்மேல் ஏறி வந்தது.

ஆதலின் மின்தூண்டலின் சரியான இடத்தை இவ்வாறு வரையறுக்கலாம். தசையைச் சிறிதும் அசைக்க இயலாத தொடக்க நிலையில் அது முதல் அசைவை உண்டாக்கி, இவ்வாறு செய்ய வேண்டும் என்ற உணர்வை நோயாளிக்குத் தரும். பாதத் தொய்வில் நடைக்குத் துணைநிற்கும். நோயாளி தானே அசைக்கத் தொடங்கியபின் பளுவைச் சுமக்கும் வேலை அவருடையதாக வேண்டும்.

வலுப்பயிற்சியின்மீது இருந்த தடை

பளுவைப் படிப்படியாகக் கூட்டித் தசையை வலுப்படுத்தும் முறை ஊர்க் கோதாவில் கர்லாக்கட்டை சுழற்றுவோர் அறிந்ததே. மருத்துவத்தில் அதனை ஒரு கணக்கிற்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். போரில் காயமுற்ற வீரர்களின் தொடைத் தசையை அவர் அதிகப் பளுவால் தேற்றிய முறை 1945இல் வெளியாயிற்று.

பக்கவாத நோயாளிகளுக்கு மட்டும் இம்முறை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அவர்களுடைய தசைகளில் தோன்றும் இறுக்கம் கடும் முயற்சியால் அதிகரித்துவிடும் என்ற அச்சமே காரணம். லண்டனில் பணியாற்றிய பெர்த்தா போபாத் வகுத்த சிகிச்சைமுறை இவ்வச்சத்திற்கு வலுவளித்தது. 1970இல் வெளியான அவருடைய நூல் பல நாடுகளில் இயன்முறை மருத்துவர்களுக்குப் பாடமாக இருந்தது. நோயாளியைப் பொறுமையுடன் தொட்டு, நிலைநிறுத்தி, அசைவின் தரத்தைக் கவனிக்கும் பண்பை அம்முறை வளர்த்தது என்பதை மறுக்கலாகாது. ஆனால் பளுவைப் பற்றிய அச்சத்தைச் சோதனை உறுதிப்படுத்தவில்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2006இல் 21 ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். மின்தூண்டலும் பளுப்பயிற்சியும் அத்தொகுப்பில் அடங்கும். தசைவலுவும் அன்றாடச் செயலும் சிறிதளவு உயர்ந்தன. தசை இறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

எனவே, "காலுக்கு வேலை கொடுத்தால் இழுத்துக்கொள்ளும்" என்று நோயாளியைத் தடுக்கும் அறிவுரை இனிக் கைவிடப்பட வேண்டியதாகும். அமெரிக்க இதயநோய்ச் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்தில் 2 அல்லது 3 நாட்கள், ஒவ்வொரு பயிற்சியையும் 10 முதல் 15 முறை, இயன்ற அளவிற்கேற்ற பளுவுடன் செய்யுமாறு கூறுகிறது. பளு எளிதாகிவிட்டால் அதைக் கூட்ட வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. ஆறு மாதமாக ஒரே அசைவை ஒரே அளவில் செய்பவர் பயிற்சி செய்யவில்லை. பழக்கத்தைக் காத்துவருகிறார், அவ்வளவே.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. தசை வலுத்தால் நடை தானாகவே வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. பளுப்பயிற்சியால் வலு தெளிவாகக் கூடுகிறது, ஆனால் அது அன்றாடச் செயல்களுக்குத் தானாகக் கடந்துசெல்லாமற் போகலாம் என்று 2018இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு எச்சரித்தது. நடக்க வேண்டுமானால் நடக்கப் பழக வேண்டும். எழ வேண்டுமானால் எழப் பழக வேண்டும். இந்நாட்டு மக்களின் வாழ்க்கை நாற்காலியோடு முடிவதில்லை. தரையில் அமர்ந்து எழுதல், குத்துக்காலிட்டு அமரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்துதல், உயர்ந்த வாசற்படியைத் தாண்டுதல், பேருந்தின் படியில் ஏறுதல் ஆகியவற்றை இலக்காகக் கொள்ளாத பயிற்சி, கிராமத்து நோயாளிக்குப் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இரண்டு ஆராய்ச்சிகள் புகட்டும் பாடம்

இனி, கருவியா கையா என்ற வினாவிற்கு விடைதேட இரண்டு பெரிய ஆராய்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தல் பொருந்தும்.

முதலாவது 2011இல் அமெரிக்காவில் வெளியானது. பக்கவாதம் வந்து இரண்டு மாதமான 408 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு, உடற்சுமையை வார்களால் தாங்கி, ஓடும் பட்டையின்மேல் நடக்கவைக்கும் விலையுயர்ந்த கருவிப் பயிற்சி அளிக்கப்பட்டது. சிலருக்கு இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே சென்று, வலுவையும் சமநிலையையும் வளர்க்கும் எளிய பயிற்சிகளைப் படிப்படியாகக் கற்பித்தார். 12 முதல் 16 வாரங்களில், ஒவ்வொன்றும் 90 நிமிடமாக 36 அமர்வுகள் நடைபெற்றன. ஓராண்டு முடிவில் மொத்தத்தில் 52 விழுக்காட்டினர் நடையில் மேல்நிலை எய்தியிருந்தனர். கருவிப் பயிற்சி பெற்றோருக்கும் வீட்டுப் பயிற்சி பெற்றோருக்கும் இடையே வேறுபாடு இல்லை.

இரண்டாவது இந்தியாவிலேயே நிகழ்ந்தது, 2017இல் வெளியாயிற்று. நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இயன்முறை மருத்துவர்கள் போதாத நாட்டில் குடும்பத்தினரையே பயிற்சியாளராக ஆக்க இயலுமா என்பதே சோதனை. ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையில் பயிற்சிமுறைகள் கற்பிக்கப்பட்டன. வீட்டில் இரண்டு மாதம்வரை அவற்றைத் தொடரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்திருப்போரும் இரு பகுதியிலும் 47 விழுக்காடாகவே இருந்தனர். எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை.

இம்முடிவைக் கண்டு, வீட்டுப் பயிற்சியால் பயனில்லை என்று சிலர் கூறக்கூடும். அது அவசர முடிவு. இரு ஆராய்ச்சிகளும் வெவ்வேறு நாடுகளில், நோயின் வெவ்வேறு கட்டங்களில் நிகழ்ந்தவை. ஒன்றோடொன்று நேராக ஒப்பிடத்தக்கவை அல்ல என்பது உண்மையே. ஆயினும் ஒரு வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுகிறது. முதலாவதில் தேர்ந்தவர் ஒருவர் 36 முறை வீட்டிற்கு வந்தார். பளுவை எப்போது கூட்டுவது, எங்கே நிறுத்துவது, எந்த அசைவு தவறானது என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்தார். இரண்டாவதில் அப்பொறுப்பின் பெரும்பகுதி, சில நாட்களே கற்ற மனைவி, மகன், மருமகள் ஆகியோரின் தோளில் ஏற்றப்பட்டது. அவர்களுக்கு அன்பு உண்டு. ஆனால் விழுந்துவிடுவாரோ என்ற அச்சமும் உண்டு. அன்பும் அச்சமும் சேர்ந்தால் பளு கூடுவதில்லை. தூக்கிவிடுவதும் ஊட்டிவிடுவதுமே மிஞ்சும். குடும்பத்தைத் தனியே விடாமல், தேர்ந்தவரின் வருகையோடு அதனை இணைப்பதே இவ்விரண்டிலிருந்தும் பெறத்தக்க பாடம்.

காலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. விரைவாகத் தொடங்கினால் விரைவாகக் குணமாகும் என்று எண்ணி, 5 நாடுகளில் 2,104 பேரிடம் சோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. தாக்குதல் நிகழ்ந்த 24 மணி நேரத்திற்குள் எழுப்பி, அடிக்கடி அதிகமாக அசையவைத்தவர்களில் நன்கு தேறியோர் 46 விழுக்காடு. வழக்கப்படி நடத்தப்பட்டவர்களில் 50 விழுக்காடு. முதல் நாளின் மிகையான வேகம் கேடு விளைத்தது. ஆகவே தொடங்கும் நாளை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். தொடங்கியபின் விடாமல் தொடர்வதைக் குடும்பமும் பணியாளரும் உறுதிசெய்ய வேண்டும்.

பணம் எங்கே செல்ல வேண்டும்?

ஒரு சுகாதார நிலையத்திற்குப் புதிய கருவி வந்தால் விழா எடுக்கலாம், படம் பிடிக்கலாம், கணக்கேட்டில் பதியலாம். ஒருவர் மிதிவண்டியிலோ பேருந்திலோ சென்று, ஒரு முதியவரைப் பத்து முறை நாற்காலியிலிருந்து எழவைத்துத் திரும்புவதற்கு விழா இல்லை. இதனாலேயே பணம் முன்னதை நோக்கி எளிதாகச் செல்கிறது. இப்போக்கு மாற வேண்டும்.

மாறுவதற்கான அமைப்புகள் நாட்டில் இல்லாமல் இல்லை. துணை நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் விரிந்த சேவை அளிக்கும் நிலையங்களாக மாற்றும் திட்டம் 2018இல் தொடங்கிற்று. 2023இல் அவை ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் மாற்றம் பெற்றன. இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துணைநிலை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் 2021இல் இயற்றிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே சென்று இயன்முறை சிகிச்சை அளித்தலும் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகளில் வருகையின் எண்ணிக்கையோடு, நோயாளியின் நிலை மாற்றமும் பதிவு செய்யப்பட வேண்டும். "வீட்டிற்குச் சென்றோம்" என்ற பதிவு போதாது. சென்ற மாதம் எத்தனை முறை எழுந்தார், இம்மாதம் எத்தனை முறை எழுகிறார் என்ற பதிவே பயனுடையது.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

சுகாதாரப் பணியாளர் இயன்முறை மருத்துவரின் இடத்தை ஏற்க வேண்டியதில்லை. அவர் வகுத்த பயிற்சி நடைபெறுகிறதா என்று பார்த்தலும், தடைகளை அவருக்குத் தெரிவித்தலும் போதும். பயிற்சிக்கு வேண்டிய பொருள்கள் எல்லா வீடுகளிலும் உள்ளவையே. சுவரோடு சேர்த்து வைத்த உறுதியான நாற்காலியில், மடித்த போர்வைகளை இட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழப் பழகலாம். 15 முறை எளிதாக எழ முடிந்தால் ஒரு போர்வையை எடுத்துவிடலாம். இருக்கை தாழத் தாழத் தொடையின் வேலை கூடும். அரைக் கிலோ மணல் நிரப்பித் தைத்த துணிப்பையைக் கணுக்காலில் கட்டி, அமர்ந்தபடி முழங்காலை நீட்டலாம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தலாம். அகலமான தாழ்ந்த படியில் ஏறி இறங்கலாம். மூச்சை அடக்காமல், எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வது நல்லது. உடனிருப்பவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். தொய்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குதல் தோள் மூட்டிற்குக் கேடு.

நெஞ்சுவலி, கடும் மூச்சிரைப்பு, தலைசுற்றல் தோன்றினாலும், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்துகளைப் பயிற்சியைக் காரணம்காட்டி நிறுத்தலாகாது. மின்தூண்டலைப் பொறுத்தவரை, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவருக்கு மருத்துவரின் அனுமதியின்றி அதனைச் செய்யலாகாது. புண்ணின்மேலும், உணர்ச்சியற்ற தோலின்மேலும் மின்முனை வைத்தால் காயம் நேரலாம். வீட்டு மின்சாரத்திலிருந்து யாரோ அமைத்துத் தரும் கருவிகளை எக்காரணத்தாலும் தொடலாகாது. எண்ணெய் தேய்த்தல் இதமளிக்கலாம். அதனால் வலு கூடாது. புறாவின் இரத்தத்தைப் பூசுதல் போன்றவற்றால் பயனேதுமில்லை. அவற்றில் கழியும் வாரங்களே பெருநட்டம்.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. நரம்பும் தசையும் பற்றிய பாடம் நடத்தும்போது, பக்கவாதத்தில் பழுது காலில் இல்லை, மூளையில் உள்ளது என்பதை விளக்கினால், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ முடங்கிக் கிடக்கும் மாணவன் அச்செய்தியை வீட்டிற்கு எடுத்துச் செல்வான். தெருவில் 10 மீட்டர் தூரத்தை அளந்து சுண்ணாம்பால் கோடிட்டு, அதனை நோயாளி நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறித்துவைக்க மாணவனுக்குக் கற்பிக்கலாம். அளவையும் பதிவும் விஞ்ஞானத்தின் அடிப்படைகள். அவற்றைக் கற்க இதைவிடப் பொருளுள்ள வாய்ப்பு அரிது. நோயாளிக்கும் அது நன்மையே. தாம் தேறிவருகிறோமா என்று தெரியாத மயக்கத்திலேதான் பலர் மனமுடைந்து முயற்சியைக் கைவிடுகின்றனர். 40 வினாடி 34 ஆனதைத் தம் பேரனின் கையெழுத்தில் காண்பவர் மறுநாளும் எழுவார்.

கருவிகள் இன்னும் நுட்பமாகும். விலையும் ஒருநாள் குறையும். அவை வரும்போது வரவேற்கத்தக்கவையே. அதுவரையில் காத்திருக்க நோயாளிக்கு நேரமில்லை. பணியாளர் ஒவ்வொருவரும் தம் பகுதியில் கடந்த ஆறு மாதங்களில் பக்கவாதத்திற்குப்பின் வீடு திரும்பியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவர்களுள் எத்தனை பேரை இயன்முறை மருத்துவர் பார்த்திருக்கிறார் என்று எழுதி, நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் அளிப்பாரானால், வேலை அங்கிருந்து தொடங்கும்.